ஒருமுறை சொன்னால் டைப் அடிக்க வர வேண்டும்: நம் ஊர் வியாபாரத்துக்கு டொமைன் பெயர் வைப்பது எப்படி

ஈரோட்டில் எங்கள் அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தார். 2011-ல் நான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டதும் முதலில் செய்தது அவருடைய மண்டிக்குத்தான். அப்போது எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: ஆட்கள் கூகுளில் எதைத் தேடுவார்களோ அதையே பெயராக வை. நானும் ஈரோடு, டர்மரிக், பெஸ்ட், பிரைஸ் என்று நான்கு சொல்லை ஆங்கிலத்தில் எடுத்து, நடுநடுவே மூன்று கோடு போட்டு, கடைசியில் டாட் காம் சேர்த்து வாங்கினேன். இப்படி வாங்கும் இணைய முகவரிப் பெயரைத்தான் டொமைன் என்கிறோம். கொஞ்ச நாள் கூகுளில் மேலேயும் வந்தது.

ஆனால் அந்தப் பெயரை அப்பா போனில் சொல்லிக் கேட்க வேண்டும். "ஈரோடு போடுங்க, அப்புறம் ஒரு கோடுங்க..." என்பார். "கோடு நடுவுலயா, கீழயாங்க?" என்று எதிர்முனையில் கேட்பார்கள். மூன்றாவது கோட்டுக்கு வருவதற்குள் "அட, நேர்லயே வந்துருங்க" என்று வைத்துவிடுவார். அவ்வளவு பாடுபட்டுச் செய்த தளத்தின் பெயரை, அதற்குச் சொந்தக்காரராலேயே சொல்ல முடியவில்லை.

2012 செப்டம்பரில் கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. தேடும் சொல்லை அப்படியே பெயராக வைத்துக்கொண்டு, உள்ளே சரக்கு இல்லாமல் இருந்த தளங்கள் கீழே போயின. எங்களுடையதும் போனது. அதில் நியாயம் இருந்தது. உள்ளே விரலி மஞ்சள் படம் ஒன்று, போன் நம்பர் ஒன்று, வேறு எதுவும் கிடையாது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சிறு வியாபாரிகள் பலருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். வெல்லம் காய்ச்சுகிறவர்கள், பெட்ஷீட் நெய்கிறவர்கள், தேங்காய் பருப்பு வியாபாரிகள், திருப்பூரில் சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது பெயர் பற்றித்தான். அதனால் நான் செய்கிற முறையை எழுதி வைக்கிறேன்.

பெயர் எதற்கு உதவும், எதற்கு உதவாது

டொமைனில் தேடும் சொல் இருப்பதால் மட்டும் வரிசையில் மேலே போக முடியாது. அதன் பலன் ஏறக்குறைய இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. பக்கத்தின் தலைப்பு, உள்ளே எழுதியிருக்கும் விஷயம், மற்ற தளங்கள் உங்களைச் சுட்டுவது, இவைதான் உங்களை மேலே கொண்டுபோகும். ஈரோடு மஞ்சள் விலையைத் தேடி வருகிறவருக்கு அந்தப் பக்கத்தில் இன்றைய விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று இருக்க வேண்டும். பெயரில் மஞ்சள் இருக்கிறதா என்பது அப்புறம்தான்.

அப்படியானால் பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? நம் ஆட்கள் பெரும்பாலும் முழு முகவரியையும் பிரவுசரில் மேலே இருக்கும் கட்டத்தில் அடிப்பதில்லை. காதில் விழுந்த பெயரைக் கூகுளில் போட்டுப் பார்க்கிறார்கள். சந்தையில் ஒருவர் சொன்னார், கல்யாண வீட்டில் ஒருவர் சொன்னார், மூட்டையில் அச்சடித்திருந்தது என்று, பாதி ஞாபகத்தில் இருப்பதை அடிப்பார்கள். அந்தப் பாதி ஞாபகம் உங்களிடம் கொண்டுவந்து விட வேண்டும். பெயர் செய்கிற உண்மையான வேலை இதுதான்.

அதனால் வெறும் பொதுச்சொல்லைப் பெயராக வைக்காதீர்கள். 'மஞ்சள்' என்று தேடினால் மஞ்சளின் மருத்துவக் குணம், மஞ்சள் காமாலை, மஞ்சள் நிறப் புடவை எல்லாம் வரும். உங்கள் மண்டி வராது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லாத ஒரு சொல் பெயரில் இருக்க வேண்டும். அதோடு தொழிலைச் சொல்லும் ஒரு சொல் சேரலாம், சேராமலும் இருக்கலாம்.

அந்தத் தனிச்சொல்லுக்கு எங்கேயும் போக வேண்டாம். நம் கொங்கு நாட்டில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. மேட்டுக்காடு, பள்ளக்காடு, புளியந்தோட்டம் என்று ஊரில் ஆளை அடையாளம் சொல்வதே அந்தப் பெயரை வைத்துத்தான். கார்டில் ஏதோ டிரேடர்ஸ் என்று போட்டிருப்பார்கள், ஊருக்கு அவர்கள் பள்ளக்காட்டுக்காரர்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஊருக்குள்ள உங்களை எப்படிச் சொல்லுவாங்க?" என்பதுதான். பல நேரம் பெயர் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

பத்துப் போன்

இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதமாகப் போகும். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் ஒரு எல், மூன்றாமவர் இரண்டு எல். தகரத்துக்கு எச் சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. நெடிலுக்கு ஏ ஒன்றா இரண்டா என்பது அவரவர் பழக்கம். சகரம் எஸ் ஆகும், சி-எச் ஆகும். நீங்கள் எந்த எழுத்தில் வாங்குகிறீர்களோ அதே எழுத்து எதிராளிக்கும் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அவர் வேறு கடைக்குப் போய் நிற்பார்.

கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சும் குடும்பம். மூன்று பெயர் எழுதி வைத்திருந்தார். "அக்கா, இதுல எது நல்லா இருக்குதுங்க?" என்றார். "நாம சொல்ல வேண்டாம், பத்துப் பேர்கிட்டக் கேட்போம்" என்று உட்கார்ந்தோம்.

முறை இதுதான். ஒருவருக்குப் போன் போட்டுப் பெயரை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. "இதை அப்படியே இங்கிலீஷ்ல வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் அறுபது வயது தாண்டிய ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒருவர், லாரி ஆபீசில் புக்கிங் போடும் ஒருவர், வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களாகவே பார்த்துப் பத்துப் பேருக்குப் போட்டால் பலன் இல்லை. அவர்களுக்கு உங்கள் பெயர் முன்பே தெரியும்.

முதல் பெயர் 'நாட்டுச் சர்க்கரை'. பத்துப் பேர் ஏழு விதமாக அனுப்பினார்கள். நாட்டு என்பதற்கு ஏ ஒன்று, இரண்டு. டி ஒன்று, இரண்டு. சர்க்கரை என்பதை நாம் வாயில் சக்கரை என்றுதானே சொல்கிறோம்? அதனால் ஆர் போட்டவர் பாதி, கே இரண்டு போட்டவர் மீதி, ஒருவர் சி-எச்சில் தொடங்கியிருந்தார். அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது 'வெல்லம்' என்ற ஒற்றைச் சொல். பத்துப் பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள். தம்பிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஆங்கில எழுத்தில் வெல்லமும் வெள்ளமும் ஒன்றுதான். அதைவிடப் பெரிய சிக்கல், இவருடைய சரக்கு வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக் கடைகளுக்குப் போகிறது. அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். அதை விட்டாலும், வெறும் வெல்லம் என்பது பொதுச்சொல். தேடினால் இவர் எங்கே வரப் போகிறார்?

மூன்றாவது அவர்கள் தோட்டத்துப் பெயர். உண்மைப் பெயரை விட்டுவிட்டு, இங்கே 'மயில்மேடு' என்று வைத்துக்கொள்வோம். "அப்பாரு காலத்துல இருந்து மயில்மேட்டு வெல்லம்னு சொன்னாத்தானுங்க சந்தையில தெரியும்" என்றார். ஒன்பது பேர் ஒரே மாதிரி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் நடுவில் ஐ என்ற எழுத்தை விட்டிருந்தார். பத்துக்கு எட்டு ஒத்துப்போனால் வாங்கலாம் என்பது நான் எனக்கு வைத்திருக்கும் கணக்கு. இது ஒன்பது. அன்றைக்கே வாங்கினோம்.

இப்படிப் பலருக்குச் செய்து பார்த்ததில் சில சொற்கள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி விழுவதைக் கண்டேன். கரும்பு, மயில், மேடு, பெரிய, மணி மாதிரியானவை. ழ, ஞ்ச, க்க, த்த, நெடில் ஆ வரும் சொற்கள் சிதறிப் போகும். ஜமக்காளம் அழகான சொல். ஆனால் கே ஒன்றா இரண்டா, நடுவில் ஏயா யூவா என்று ஆளுக்கொரு விதம். அப்படியொரு சொல் இல்லாமல் முடியாது என்றால், அதிகம் பேர் எழுதுகிற இரண்டு விதத்தையும் வாங்கி, ஒன்றை அடித்தாலும் இன்னொன்று திறக்கும்படி திருப்பி விடுங்கள்.

இரண்டு சொல் சேரும் இடத்தையும் பாருங்கள். முன்சொல் எல் என்று முடிந்து பின்சொல்லும் எல் என்று தொடங்கினால், ஒன்று போடுவதா இரண்டு போடுவதா என்று எல்லோரும் தடுமாறுவார்கள். சேர்த்துப் படித்தால் வேறு பொருள் வருகிறதா என்றும் பாருங்கள். பட்டுக்கடை என்று நாம் நினைப்பதை ஒருவர் பாட்டுக்கடை என்று படிப்பார்; கடை என்பதை நாமக்கல் பக்கத்து ஆள் காடை என்றே படிக்கலாம். அச்சடிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும். டொமைனில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எப்படி அடித்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

கோடு வேண்டாம், எண்ணும் வேண்டாம். நாலு என்றால் எண்ணா எழுத்தா என்று கேட்பார்கள். டொமைன் பெயரில் புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை போகலாம். நான் 12-ஐத் தாண்ட விடுவதில்லை, மிஞ்சிப் போனால் 15.

ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா

சேர்க்கலாம், ஆனால் யோசித்து. கோவை என்பது நம் வாயில் வருவது, வெளி மாநிலத்தவர் தேடுவது கோயம்புத்தூரின் ஆங்கில வடிவத்தை. திருப்பூருக்கு ஆங்கிலத்தில் பி ஒன்று போடுகிறவரும் உண்டு, இரண்டு போடுகிறவரும் உண்டு, முன்னால் டி-எச் போடுகிறவரும் உண்டு. காங்கயத்துக்கும் இரண்டு எழுத்து முறை இருக்கிறது. 2020-ல் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. வெளியானதும் எந்த எழுத்து சரி என்று ஒரே விவாதமாகி, ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றார்கள். அரசாங்கமே உறுதி செய்ய முடியாத எழுத்தை நாம் பெயரில் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டுமா? கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் சுருக்கி கோபி என்று வைக்க ஆசைப்படுவார்கள். வடக்கே அது காலிபிளவர்.

கரூர் மாதிரிச் சின்னதாக, ஒரே விதமாக எழுதப்படும் ஊர் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஊர்ப் பெயருக்கு நல்ல இடம் பக்கத்தின் தலைப்பும், கூகுள் மேப்பில் வரும் கடைப் பதிவும்தான். அங்கே போட்டால் பக்கத்தில் இருக்கிறவர் தேடும்போது கிடைக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. பவானி ஜமக்காளத்துக்கும் கோவை கிரைண்டருக்கும் அதற்கு முன்பே இருக்கிறது. வேறு எங்கோ விளைந்த சரக்கை விற்றுக்கொண்டு இந்தப் பெயர்களை டொமைனில் வைக்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். அந்தப் பெயரை இத்தனை காலம் காப்பாற்றிக் கொடுத்த விவசாயிக்கும் நெசவாளிக்கும் அது செய்கிற துரோகம்.

டாட் காமா, டாட் இன்னா

உள்நாட்டு வியாபாரம் மட்டும் என்றால் டாட் இன் போதும். அது இந்தியாவுக்குரியது என்பதால் இங்கே தேடுகிறவர்களுக்கான தளம் என்று கூகுளும் எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்கிற திருப்பூர், கரூர் ஆட்களுக்கு டாட் காம் நல்லது. முடிந்தால் இரண்டையும் வாங்கிவிடுங்கள், செலவு பெரிதில்லை. நீங்கள் விரும்பும் பெயரின் டாட் காமில் ஏற்கெனவே உங்கள் தொழிலிலேயே ஒருவர் இருந்தால், டாட் இன்னை வாங்காமல் வேறு பெயருக்குப் போங்கள். உங்கள் வாடிக்கையாளர் பாதிப் பேர் அங்கேதான் போய் நிற்பார்கள். டாட் காம், டாட் இன் மாதிரி பெயரின் கடைசியில் வரும் பின்னொட்டுகளில் முதல் வருடம் மிக மலிவாகக் கிடைக்கும் புதுப்புது ஆட்களும் உண்டு. அவற்றில் இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும். டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர் கிடைக்கிறது. எழுத்துக் குழப்பமே இல்லை, பார்க்கவும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் சில இடங்களில் காப்பி செய்து ஒட்டினால் எக்ஸ்-என் என்று தொடங்கி இரண்டு கோடும் புரியாத எழுத்துகளுமாக மாறி நிற்கும். அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்தால் சில இடங்களில் ஏற்காது. அதனால் இப்போதைக்கு இரண்டாவது பெயராக வாங்கி, முதல் பெயருக்குத் திருப்பி விடச் சொல்கிறேன். போர்டில் தமிழ்ப் பெயரைப் போடுங்கள், பில்லில் ஆங்கில எழுத்துப் பெயரைப் போடுங்கள்.

காசு கட்டும் முன்பு

பெயர் முடிவானதும் மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளம். அந்தப் பெயரில் முன்பு யாராவது தளம் வைத்திருந்தார்களா, என்ன வைத்திருந்தார்கள் என்று பழைய படம் கிடைக்கும். சூதாட்டத் தளம் ஓடிய பெயராக இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய டொமைனை வாங்கினால் கூகுளில் சீக்கிரம் மேலே போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலாவதியான பெயரை அப்படி வரிசைக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் ஏமாற்று வேலைகளைத் தடுக்கும் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

இரண்டு, இந்திய அரசின் டிரேட்மார்க் தேடல் பக்கம். அங்கே சரக்குகளை எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: வெல்லம், மஞ்சள், மசாலா எல்லாம் 30-ஆம் வகுப்பு, உடுப்பு 25, துணியும் பெட்ஷீட்டும் 24. டொமைன் காலியாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயர் உங்களுக்கு உரிமையாகிவிடாது. டிரேட்மார்க்குக்கு இருக்கும் பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்று, அதே பெயரைக் கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் போட்டுப் பாருங்கள்.

யார் பெயரில் வாங்குகிறீர்கள்

சென்னிமலைப் பக்கத்து அண்ணன் ஒருவர் பெட்ஷீட் விற்கிறார். ஆறு வருடம் நன்றாக ஓடிய தளம். செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருந்தார். பிறகு அவர் தொழிலை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார், போனும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பெல்லாம் அவருக்கே போனது. பெயர் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். "ஏனுங்க அம்மணி, என்ற பேருதானுங்களே, நான் கேட்டாத் தர மாட்டாங்களா?" என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெயரை அச்சடித்த மூவாயிரம் கவர் அவர் வீட்டுத் திண்ணையில் கிடந்தது.

அதனால் யார் செய்து கொடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மொத்தமாக வாங்கலாம். முடியாவிட்டால் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு, காலாவதித் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி, விற்ற நிறுவனம் தரும் சலுகை நாளும் முடிந்து, பெயர் நீக்கப்பட்டால், மீட்டெடுக்க 30 நாள் இருக்கிறது. ஆனால் கட்டணம் பல மடங்கு. அதையும் விட்டால் ஐந்தே நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிடும்.

வாங்கிய பிறகு

முன்னால் மூன்று டபிள்யூ போட்டா, போடாமலா என்பதில் ஒன்றை முடிவு செய்து, மற்றதை அதற்குத் திருப்பி விடுங்கள். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், காசு கிடையாது. பில், மூட்டை, வேன், மேப் பதிவு, வாட்ஸ்அப் பிசினஸ் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர் இருக்கட்டும்.

ஏற்கெனவே கோடு போட்ட நீளப் பெயரில் மாட்டியிருப்பவர்களும் மாறலாம். புதுப் பெயரை வாங்கி, பழைய ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு நிகரான புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் மூலம் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடக் கூடாது. சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் இடம் இருக்கிறது. அந்தத் திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருடமாவது விட்டு வைக்கச் சொல்கிறது கூகுள். கொஞ்ச நாள் வரவு ஏறி இறங்கும், அதற்காகப் பயந்து திரும்பிப் போகாதீர்கள்.

அப்பாவின் மண்டித் தளத்தை நான் 2014-ல் அப்படித்தான் மாற்றினேன், அவர் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய ஒரு பெயருக்கு. மூன்று கோடு போட்ட அந்தப் பழைய பெயரை இன்னமும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய விசிட்டிங் கார்டைப் பீரோவில் வைத்திருக்கும் யாரோ ஒருவர் மாதத்துக்கு ஒருமுறையாவது அதை அடித்து உள்ளே வருகிறார்.